மேல்நிலை உயிரியல் தேர்வு: எங்கே நடக்கிறது, எதற்கு நடக்கிறது, நின்றுபோனால் என்ன?

உயிரியல் என்றாலே "அது மனப்பாடம்தானே, கடைசி வாரம் உட்கார்ந்து உருப்போட்டுவிடலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். பாதி உண்மைதான். பெயர்களை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், அதில் குறுக்குவழி கிடையாது. ஆனால் மேல்நிலை வகுப்பில் வெறும் பெயர் சொன்னால் கிடைப்பது ஒன்றிரண்டு மதிப்பெண். "சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானின் பாகங்களைக் குறி" என்று கேட்டுவிட்டு அடுத்த வரியிலேயே "நீரிழிவு உள்ளவரின் சிறுநீரில் குளுக்கோஸ் ஏன் வருகிறது" என்று கேட்பார்கள், பாகங்களை மட்டும் உருப்போட்டவர் அங்கேதான் பேனாவைக் கீழே வைப்பார்.

அதனால் எந்தச் செயல்முறையைப் படித்தாலும் மூன்று கேள்விகளை அதன்மேல் போடுங்கள். இது செல்லில் அல்லது உடலில் எங்கே நடக்கிறது? உள்ளே என்ன போய் வெளியே என்ன வருகிறது, எதற்காக? இது பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும்? முதல் இரண்டும் எல்லாப் புத்தகத்திலும் நேரடியாக இருக்கும். மூன்றாவது பெரும்பாலும் இருக்காது, நீங்களே யோசித்து எழுத வேண்டும், வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால்

பாடத்திட்டத்தின் தலைப்புப் பட்டியலையும் பழைய வினாத்தாள்கள் சிலவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தத் தலைப்பிலிருந்து எந்த மாதிரிக் கேள்வி வருகிறது என்று முதலில் குறியுங்கள். சில தலைப்புகளில் படம் வரையச் சொல்வார்கள், சிலவற்றில் கணக்கு வரும், சிலவற்றில் அட்டவணையோ வரைபடமோ கொடுத்து அதை வாசிக்கச் சொல்வார்கள், வகைப்பாடு போன்ற சிலவற்றில் பெயரும் பண்பும் மட்டும். பழைய வினாத்தாளைக் கடைசி வாரத்துக்கென்று பத்திரமாக எடுத்து வைப்பது பலருக்கும் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்றிரண்டை மட்டும் நேரம் வைத்து எழுதிப் பார்க்க ஒதுக்கிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் முதல் நாளிலிருந்தே மேஜைமேல் இருக்கட்டும், ஏனென்றால் எப்படிக் கேட்பார்கள் என்று தெரியாமல் எப்படிப் படிப்பது என்று முடிவு செய்ய முடியாது.

ஒரு பாடத்தை எடுத்துச் செய்து பார்ப்போம்

சிறுநீரகம். எங்கே, என்ன என்பது சுலபம்: குளோமருலஸ் என்ற நுண்குழாய்ப் பின்னலில் இரத்தம் அழுத்தத்தோடு வடிகட்டப்படுகிறது, சிறிய மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்த பௌமானின் கிண்ணத்துக்குள் போகின்றன, இரத்தச் செல்களும் பெரிய புரதங்களும் தங்கிவிடுகின்றன. ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் வடிதிரவம் உருவாகிறது, ஆனால் வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவுதான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், மீள உறிஞ்சுதல் என்ற சொல்லுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று புரிந்துவிடும். குளுக்கோஸ் முழுவதும் கிண்ணத்தை அடுத்த அண்மைச் சுருண்ட நுண்குழலிலேயே இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இப்போது மூன்றாவது கேள்வி. இன்சுலின் போதவில்லை, இரத்தத்தில் குளுக்கோஸ் எகிறிவிட்டது, என்ன ஆகும்? வடிதிரவத்திலும் குளுக்கோஸ் கூடும். அதைத் திருப்பி எடுத்துச் செல்லும் கடத்துப் புரதங்களின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு உண்டு. படகு நிறைந்தபின் மீதிப்பேர் கரையிலேயே நிற்க வேண்டியதுபோல, எல்லாக் கடத்துப் புரதங்களும் நிரம்பியபின் மிச்சக் குளுக்கோஸ் குழலிலேயே நின்று சிறுநீரோடு போய்விடும். அதோடு முடியவில்லை. குழலுக்குள் குளுக்கோஸ் மிஞ்சியிருப்பதால் நீரும் முழுதாகத் திரும்ப உறிஞ்சப்படாது, சிறுநீர் அதிகமாகும், உடலில் நீர் குறையும், தாகம் எடுக்கும். அடிக்கடி சிறுநீர், அடிக்கடி தாகம் என்று அறிகுறிகளைத் தனியாக மனப்பாடம் செய்த ஒருவரையும் இந்தச் சங்கிலியைப் பிடித்த ஒருவரையும் ஒரே தேர்வில் உட்கார வைத்தால் யார் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்து வரி எழுதுவார் என்று சொல்லவே வேண்டாம்.

செல் சுவாசத்திலும் இதேதான். குளுக்கோஸ் உடையும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸில் வரும் இடைநிலைப் பொருள்களின் பெயர்களை முதலில் உருப்போட ஆரம்பித்தால் இரண்டாம் நாளே வெறுத்துவிடும். எலும்புக்கூட்டை முதலில் பிடியுங்கள்: கிளைக்காலிசிஸ் சைட்டோபிளாசத்தில், கிரப்ஸ் சுழற்சி மைட்டோகாண்ட்ரியாவின் மேட்ரிக்ஸில், எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி அதன் உள்சவ்வில். ஆக்சிஜன் வருவது கடைசிக் கட்டத்தில், எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ள. ஆக்சிஜன் இல்லை என்றால்? சங்கிலி நிற்கும், எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் என்ஏடிஎச் அவற்றை இறக்கி வைக்க இடம் இல்லாமல் அப்படியே நிற்கும், சுமை இறக்கிய வடிவமான என்ஏடி தீர்ந்துபோகும், கிரப்ஸ் சுழற்சியும் நிற்கும். அப்புறம் தசைச் செல் ஏன் லாக்டிக் அமிலம் உண்டாக்குகிறது? என்ஏடியைத் திரும்பப் பெறத்தான், அது கிடைத்தால்தான் கிளைக்காலிசிஸாவது ஓடி, ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) கிடைக்கும். லாக்டிக் அமிலம் ஏன் என்ற கேள்விக்கு "ஆக்சிஜன் இல்லாததால்" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்குப் பாதி மதிப்பெண்ணோடு சரி.

இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. முழு ஆக்சிஜன் சுவாசத்துக்கு மொத்தம் எத்தனை ஏடிபி என்பதில் பழைய புத்தகங்கள் 36 அல்லது 38 என்றும் புதியவை 30 முதல் 32 வரை என்றும் போடுகின்றன. உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுதுங்கள். தேர்வறையில் போய் அதைப் பற்றி வாதாட நேரம் இருக்காது.

வெற்றுத்தாள்

படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதும், பக்கம் முழுக்க மஞ்சள் அடிப்பதும் படித்த மாதிரி ஒரு திருப்தியைத் தரும், அவ்வளவுதான். கண்ணுக்குப் பழகியதை மூளை "தெரியும்" என்று சொல்லிவிடுகிறது. தேர்வில் கண்முன்னால் புத்தகம் இருக்காது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகவே வந்தது: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு தலைப்பை ஒருமுறை கவனமாகப் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதையெல்லாம் எழுதுங்கள், அம்புக்குறி, படம், பாதி வாக்கியம் எதுவாக இருந்தாலும் சரி, அழகு தேவையில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிற மையில் சேருங்கள். அந்த வேறு நிறம்தான் நீங்கள் அடுத்தமுறை படிக்க வேண்டிய பகுதி, மற்றதைத் தொடவே வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து அதே தலைப்புக்குப் புதிய தாள், அப்புறம் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. முதல் தாள் பார்க்கவே பயமாக இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப மஞ்சள் பேனாவை எடுத்துவிடாதீர்கள்.

வகைப்பாட்டுப் பெயர்கள், ஹார்மோன்கள், வைட்டமின் குறைபாட்டு நோய்கள் போன்ற சுத்த மனப்பாடச் சரக்குக்குச் சின்ன அட்டைகள் போதும், ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். காத்திருக்கும் நேரத்தில் புரட்டுங்கள். இதற்கென்று உட்கார்ந்து தனியாக நேரம் ஒதுக்காதீர்கள்.

படம் வரைவது படிப்பதற்காக

குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பை, அதாவது மியாசிஸை, புத்தகத்தில் உள்ள படங்களைப் பார்த்துப் பார்த்து யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. நீங்களே வரையுங்கள். இரண்டே ஜோடி குரோமோசோம் உள்ள ஒரு செல், தாயிடமிருந்து வந்தவை சிவப்பு, தந்தையிடமிருந்து வந்தவை நீலம். ஒவ்வொன்றும் இரட்டித்து இரண்டு குரோமாட்டிடுகளாக இருக்கின்றன. ஜோடிகள் ஒட்டி நிற்கும்போது குறுக்கேற்றம் நடக்கும் இடத்தில் சிவப்பில் கொஞ்சம் நீலமும் நீலத்தில் கொஞ்சம் சிவப்பும் வரட்டும். முதல் பகுப்பில் ஜோடிகள் பிரிகின்றன, எண்ணிக்கை அங்கேயே பாதியாகிவிடுகிறது. இரண்டாம் பகுப்பில் சகோதரி குரோமாட்டிடுகள் பிரிகின்றன. கடைசியில் நான்கு செல்கள், நான்கிலும் வெவ்வேறு நிறக்கலவை. மனிதருக்கு என்றால் 46-லிருந்து 23. மரபு வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை அந்தத் தாளிலேயே நிறமாக இருக்கும். அப்புறம் நம் மூன்றாவது கேள்வியைப் போடுங்கள்: 21-ஆவது ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டால்? அந்தப் பாலணுவில் 24 குரோமோசோம்கள், அது இயல்பான பாலணுவோடு இணைந்தால் கருவில் 47, அதுதான் டவுன் சிண்ட்ரோம்.

இதயத்துக்கும் இதே வைத்தியம். வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து (கீழறை) நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஏட்ரியம் (மேலறை), இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி என்று ஓட்டத்தை விரலால் தொடர்ந்து வரையுங்கள். தமனி என்றால் ஆக்சிஜன் உள்ள இரத்தம் என்று படித்தவர்கள் நுரையீரல் தமனியில் தடுக்கி விழுவார்கள். தமனி என்பது இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது, உள்ளே என்ன இரத்தம் என்பது வேறு விஷயம். இடது வெண்ட்ரிக்கிள் சுவர் ஏன் தடிமன் என்பதும் அந்த ஓட்டத்திலேயே தெரியும், நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது, உடலின் மற்ற பகுதிகளுக்கோ அதிக அழுத்தத்தோடு தள்ள வேண்டும்.

தேர்வில் வரையும்போது பென்சில், தெளிவான ஒற்றைக் கோடு, நிழல் தீட்டல் வேண்டாம். பெயர் குறிக்கும் கோடு அந்தப் பாகத்தைத் தொட வேண்டும், கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது.

மரபியல் கணக்கு: விட்டுவிடாதீர்கள்

கணக்கு பிடிக்காமல்தான் உயிரியலுக்கு வந்தேன் என்று சொல்கிறவர்கள் மரபியல் கணக்கை விட்டுவிடுவார்கள். அது பெரிய நஷ்டம். நீளமாக எழுத வேண்டாம், சரியாகப் போட்டால் முழு மதிப்பெண், திருத்துகிறவரின் மனநிலை எப்படி இருந்தாலும்.

இரட்டை இழை டிஎன்ஏவில் அடினைன் 30 விழுக்காடு என்றால் தைமினும் 30, மீதி 40-ஐப் பாதியாக்கினால் குவானைன் 20, சைட்டோசின் 20. கேள்வியில் ஒற்றை இழை என்றோ ஆர்என்ஏ என்றோ போட்டிருந்தால் இந்தக் கணக்குச் செல்லாது, அதைக் கவனிக்கிறீர்களா என்று பார்க்கவே சிலசமயம் போடுவார்கள். இருபண்புக் கலப்பில் 9:3:3:1 வருவது பெற்றோர் இருவருமே இரண்டு பண்புக்கும் கலப்பின அல்லீல் ஜோடி (ஒரே மரபணுவின் இரண்டு வேறு வடிவங்கள்) கொண்டவர்களாக இருந்து, அந்த மரபணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்காதபோது மட்டும். எல்லாவற்றுக்கும் அதையே எழுதி வைப்பவர்கள் உண்டு.

பால்சார்ந்த மரபுக் கடத்தலில் கேள்வியின் ஒரு சொல்லில் விடை மாறிவிடும். தாய் நிறக்குருடின் கடத்தி (தனக்குக் குறை இல்லாமல் அந்த மரபணுவைச் சுமப்பவர்), தந்தைக்கு இயல்பான பார்வை. "மகன் நிறக்குருடாக இருக்க வாய்ப்பு என்ன" என்றால் 1/2. "பிறக்கும் குழந்தை நிறக்குருடாக இருக்க வாய்ப்பு என்ன" என்றால் 1/4, ஏனென்றால் மகள்களையும் சேர்த்து எண்ண வேண்டும், மகள்களில் யாருக்கும் வராது, பாதிப்பேர் கடத்தியாக இருப்பார்கள். கட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள், மனதிலேயே கணக்குப் போட்டு விடையை மட்டும் எழுதினால் தப்பாகும்போது வழிமுறைக்கான மதிப்பெண்ணும் போய்விடும்.

வரைபடமும் சோதனையும்

"விவரி" என்பதும் "விளக்கு" என்பதும் ஒன்றல்ல. வெப்பநிலைக்கும் நொதியின் வினைவேகத்துக்குமான வரைபடத்தைக் கொடுத்து விவரி என்றால், இத்தனை டிகிரி வரை கூடுகிறது, இங்கே உச்சம், அதன்பின் வேகமாகக் குறைகிறது என்று எண்களோடு சொன்னால் போதும். விளக்கு என்றால்தான் காரணம்: வெப்பம் கூடும்போது மூலக்கூறுகளின் இயக்கம் கூடி மோதல்கள் அதிகரிக்கின்றன, உச்சத்துக்குமேல் நொதியின் வடிவத்தைப் பிடித்திருக்கும் பிணைப்புகள் உடைந்து, தளப்பொருள் வந்து பொருந்தும் இடம் மாறிவிடுகிறது. நொதி "இறந்துவிடும்" என்று எழுதாதீர்கள், அதற்கு உயிரே இல்லை, அது இயல்பிழக்கிறது. குளிரில் அதுகூட நடப்பதில்லை, வேகம்தான் குறையும், திரும்பச் சூடாக்கினால் பழையபடி வேலை செய்யும்.

சோதனைக் கேள்விகளில் எதை மாற்றினோம், எதை அளந்தோம், எதையெல்லாம் மாறாமல் வைத்தோம், ஒப்பிட எது இருக்கிறது, இந்த நான்கையும் தேடுங்கள். உருளைக்கிழங்குத் துண்டுகளை வெவ்வேறு செறிவுள்ள சர்க்கரைக் கரைசலில் போடும் சோதனையை எடுத்துக்கொண்டால், எடை மாற்றத்தை ஏன் விழுக்காட்டில் சொல்கிறோம் என்று கேட்பார்கள். எல்லாத் துண்டும் ஆரம்பத்தில் ஒரே எடையில் இருக்காது, அதனால்தான். எடை போடும் முன் ஏன் ஒற்றியெடுக்க வேண்டும்? மேலே ஒட்டியிருக்கும் கரைசலும் எடையில் சேர்ந்துவிடும். வரைபடம் பூஜ்யக் கோட்டை வெட்டும் இடத்தில் நிகர சவ்வூடு பரவல் (சவ்வு வழியாக நீர் நகர்வது) இல்லை, வெளிக் கரைசலின் நீர்த்திறன், அதாவது நீர் நகர்ந்து போகும் போக்கின் அளவு, திசுவின் நீர்த்திறனுக்குச் சமம்.

உருப்பெருக்கக் கணக்கில் அலகுதான் எதிரி. படத்தில் 50 மில்லிமீட்டர், உண்மை அளவு 100 மைக்ரோமீட்டர் என்றால், 50 மில்லிமீட்டரை 50,000 மைக்ரோமீட்டராக மாற்றிவிட்டு வகுங்கள், 500 மடங்கு. மாற்றாமல் வகுத்தால் 0.5 வரும், பெரிதாக்கிய படம் உண்மையைவிடச் சிறியதாக இருக்க முடியுமா என்று ஒரு நொடி யோசித்தாலே தப்பு தெரிந்துவிடும்.

சூழலியலைப் பலரும் கதை எழுதும் பாடமாக நினைத்து நான்கு பக்கம் எழுதுகிறார்கள். அங்கேயும் மேலே போகப் போக ஆற்றல் ஏன் குறைகிறது என்பதற்குச் சுவாசத்தில் வெப்பமாக வெளியேறுவது, உண்ணப்படாத பகுதி, செரிக்காமல் போவது என்று மூன்று குறிப்பு எழுதினால் முடிந்தது.

சொல் தவறினால் மதிப்பெண் தவறும்

பாக்டீரியா ஆன்டிபயாட்டிக்குக்குப் "பழகிக்கொண்டது", "தப்பிக்கத் தன்னை மாற்றிக்கொண்டது" என்ற வாக்கியம் விடைத்தாள்களில் சாதாரணமாகத் தென்படும். பரிணாமப் பாடத்தின் மையமே இதற்கு எதிரானது. கூட்டத்தில் சிலவற்றுக்குத் தற்செயலான திடீர் மாற்றத்தால் எதிர்ப்புத்திறன் ஏற்கெனவே இருக்கிறது, மருந்து மற்றவற்றைக் கொல்கிறது, மிஞ்சியவை பெருகுகின்றன, அடுத்த தலைமுறைகளில் அந்த அல்லீல் அதிகமாகிறது. இந்த வரிசையை அப்படியே எழுதுங்கள், கொக்குக்கும் கற்றாழைக்கும் இதே வரிசைதான் வரும். அதேபோல் தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று பிரித்து எழுதுவதும் தவறு. சுவாசம் நாள் முழுவதும் நடக்கிறது. ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை, நீரிலிருந்து வருகிறது. ஆற்றல் "உருவாகிறது" என்பதற்குப் பதில் வெளிப்படுகிறது அல்லது மாற்றப்படுகிறது என்று எழுதுங்கள்.

குழப்பும் ஜோடிகளுக்கென்று ஒரே ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: மரபணுவும் அல்லீலும், படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும், குளுக்கோகானும் கிளைக்கோஜனும், ஒத்திசைவு குரோமோசோமும் சகோதரி குரோமாட்டிடும். வேறுபடுத்துக என்று கேட்டால் இரண்டையும் ஒரே அளவுகோலில் எதிரெதிரே வையுங்கள். ஒருபக்கம் நடக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு மறுபக்கம் விளைபொருளைச் சொன்னால் அது வேறுபாடாகாது.

கடைசி நாள்களும் தேர்வறையும்

கடைசி வாரத்தில் புதிய பாடம் எடுப்பதைவிட வேறு நிற மையில் சேர்த்தவற்றைப் புரட்டுவது பலன் தரும். ஒதுக்கி வைத்த வினாத்தாளை உண்மையான நேரத்துக்குள், இடையில் எழாமல் எழுதி, விடைக்குறிப்பை வைத்து நீங்களே திருத்துங்கள், கொஞ்சம் கஞ்சத்தனமாகவே திருத்துங்கள். முந்தைய இரவு தூங்குங்கள். விழித்துப் படித்த இரண்டு பாடத்துக்காக மறுநாள் தெளிவாக வாசிக்க வேண்டிய தரவுக் கேள்வியைப் பலி கொடுக்க வேண்டாம்.

அறையில் கேள்வியின் வினைச்சொல்லையும் மதிப்பெண்ணையும் முதலில் பாருங்கள். மூன்று மதிப்பெண் என்றால் மூன்று தனித்தனிக் கருத்து, ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொன்னால் ஒன்றுதான் கிடைக்கும். தெரியாத உயிரினத்தின் பெயரைப் போட்டு ஒரு கேள்வி வந்தால் பயப்படாதீர்கள், அந்த உயிரினத்தைப் பற்றி யாருக்கும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள், அதற்குள் இருப்பது நீங்கள் படித்த சவ்வூடு பரவலோ பின்னூட்டமோதான், தேவையான மற்ற தகவல் கேள்வியிலேயே இருக்கும். நிமிடங்கள் மிச்சம் இருந்தால் முழு விடைகளையும் திரும்ப வாசிப்பதற்குப் பதில் அலகுகள், வரைபட அச்சுகளின் பெயர்கள், படத்தின் தலைப்பு, பலவுள் தெரிவில் விட்டுப்போன எண் இந்த நான்கை மட்டும் சரிபாருங்கள்.